சுற்றிப் போகச் சொன்ன பின்கேட்

முரளிக்கு அம்மா எழுதுவது. காஞ்சன்பாக்கில் கலா வீட்டில் நாங்கள் எல்லோரும் சுகம். உன் தங்கை கலாவின் மூத்தவள் பிரியா, படிப்பு முடிவதற்கு முன்னாலேயே கல்லூரிக்கு வந்த கம்பெனியில் வேலை வாங்கிவிட்டாள். ஆர்டர் கைக்கு வந்த அன்று எடுத்த படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. அவள் தம்பி கார்த்திக் செஸ்ஸில் ஜெயித்து, கோப்பையை என் மடியில் கொண்டுவந்து வைத்தான். கோப்பையும் நானும் இருக்கிற படம் அதற்குப் பக்கத்தில். கலாவுக்கு லேபில் பதவி உயர்வு. என்ன வேலை என்று கேட்டால் வெளியே சொல்லக் கூடாதாம், அதனால் எனக்குப் பெருமை இரட்டிப்பு. மதுரையில் உன் மாமா பேரன் டாக்டருக்குச் சேர்ந்து வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டான். உன் பையன் அகில் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் முதலாவது. உன் மகள் நித்யா தெலுங்குப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. அந்தப் படத்தை நீ உன் வீட்டில் மாட்டவில்லை, எனக்குத் தெரியும். பிள்ளையிடமே கேட்டு வாங்கி இங்கே மாட்டிவிட்டேன். குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம், மாப்பிள்ளை எனக்காக அடித்துக் கொடுத்தார். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் வயிற்றில் பிறந்து, அவர்களுக்குப் பிறந்து, இப்படி ஒரு சுவர் நிறைந்திருக்கிறது. வருகிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்துக் காட்டுகிறேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன்கூடத் தப்பவில்லை. உன் படம் மட்டும் இல்லை. இருந்தது. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். ஆணி இருக்கிறது.

போன வாரம் போனில் இரண்டு காரியம் கேட்டாய். அப்பார்ட்மெண்டின் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கல் மலர் போடுகிறீர்கள், 'மகனுக்கு ஒரு கடிதம்' என்று ஒவ்வொரு வீட்டு அம்மாவும் எழுதுகிறார்கள், நீயும் ஒன்று எழுதிக் கொடு என்றாய். ஊர் ஞாபகம், என்னை வளர்த்த கதை, அந்த மாதிரி இனிமையாக இருக்கட்டும் என்று எப்படி எழுத வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தாய். அப்புறம் போனை வைக்கப் போகிற நேரத்தில், "அந்தக் காய்கறி அம்மாவோட நம்பர் உங்கிட்ட இருக்காம்மா? பொங்கப் பானைக்குக் கட்ட மஞ்சக் கொத்து இந்த வருஷம் எங்கயும் கிடைக்கல" என்றாய். நான் வைத்துவிட்டேன். லைன் கட் ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட் ஆகவில்லை. இரண்டுக்கும் சேர்த்து இதுதான் பதில். மலரில் வர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், உன் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் எல்லோரும் படிக்கட்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள். வேறு எதையும் திருத்தாதே.

ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் யார் என்று உனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிஜாம்பேட்டை தாண்டி, வயலை மூடிக் கட்டிய நம் அப்பார்ட்மெண்டில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் ஏழெட்டு. எல்லாம் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவை. ஞாயிறு சாயங்காலம் ஆனால் நம் ஹாலில் கூடுவீர்கள். காபியும் பஜ்ஜியும் என் பொறுப்பு. அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்தே உங்கள் பேச்சு முழுவதையும் நான் கேட்டுத் தீர்த்தேன். இட்லிக்குப் புழுங்கலரிசி எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கிறது என்று ஒரு வாரம். தமிழ்ப் பேப்பர் ஏன் ஒரு நாள் தாமதமாக வருகிறது என்று ஒரு வாரம். இவங்க தயிர் ஏன் புளிக்கிறது, இவங்க ஊறுகாய் ஏன் எரிகிறது, இவங்க ஆட்டோக்காரன் ஏன் மீட்டர் போடுவதில்லை. எது பேசினாலும் முதல் வார்த்தை 'இவங்க' என்றுதான் இருக்கும். ஃப்ளாட்டை இங்கே வாங்கியது புத்திசாலித்தனமா, சென்னையில் வாங்கியிருக்க வேண்டுமா என்பது மாதம் ஒரு முறை. இன்னும் ரெண்டு வருஷத்தில் ஊருக்கே போய்விடுவோம் என்பது வாராவாரம். நீ வந்த வருஷமே ரெண்டு வருஷம் என்றாய். அகில் இங்கே பிறந்து, தவழ்ந்து, நடந்து, ஓடிப் பரிசும் வாங்கிவிட்டான், உன் ரெண்டு வருஷம் அப்படியே இருக்கிறது.

வண்டி நம்பர் சண்டையைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டு நம்பரை மாற்றி இந்த ஊர் நம்பர் வாங்குவதா வேண்டாமா என்று நீங்கள் பேசியதைக் கேட்டால் யாரோ பெயரை மாற்றச் சொன்னார்கள் என்று தோன்றும். போலீஸ் நிற்கிற சிக்னலை எல்லாம் தவிர்த்துச் சந்துக்குள் புகுந்து ஆபீஸ் போவதாக உன் நண்பர் ஒருவர் பெருமையடித்துக்கொண்டார், எல்லோரும் பாராட்டினீர்கள். செகந்திராபாத்திலிருந்து ஒரு நாள் ஒரு பெரியவர் வந்திருந்தார். அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்தவராம். "நம்பர மாத்திக்கோ தம்பி. இங்க சாப்புடற, இங்க தூங்கற, கைக்கு இந்தப் பிடிவாதம்? நக்கோ" என்றார். கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம், இந்த ஊர்ப் பேச்சு. அவர் லிஃப்டில் இறங்குவதற்குள் அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தீர்கள். அவர் தமிழ் கெட்டுப்போய்விட்டதாம். எனக்கு அன்றைக்கு அந்த ஹாலில் காதுக்கு நன்றாக இருந்தது அவர் பேச்சு ஒன்றுதான்.

இத்தனை பேசினீர்களே, பின்னால் இருக்கிற ஊரில் ஒரே ஒரு ஆளின் பெயர் உங்களில் யாருக்காவது தெரியுமா? வழி சொல்லும்போது, நம் அப்பார்ட்மெண்டுக்குப் பின்னால் ஒரு பட்டி இருக்கிறது என்பீர்கள். பட்டிக்கு முன்னால் அப்பார்ட்மெண்ட் வந்து உட்கார்ந்தது என்று ஒருவர் வாயிலும் வராது. அந்த ஊரின் போச்சம்மா கோயில் நம் பின்கேட்டுக்கு நேராக வேப்பமரத்தடியில் இருக்கிறது. கோயிலிலிருந்து ஏரிக்குப் போகிற பாதைதான் இப்போது உங்கள் கார்கள் நிற்கிற இடம். நிலத்தை வாங்கிய பில்டர், போனாலுத் திருவிழா அன்றைக்கு மட்டும் பின்கேட்டின் இரண்டு கதவையும் திறந்து ஊர்வலத்துக்கு வழி விடுவதாக ஊர்க்காரர்களிடம் சொல்லித்தான் சுவரை எழுப்பினார். இதை எனக்குச் சொன்னவள் யாதம்மா. நீ 'காய்கறி அம்மா' என்கிறாயே, அவளேதான். விடியும் முன்னால் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய், ஷேர் ஆட்டோவில் மூட்டையோடு வந்து, அந்தப் பின்கேட்டில் சாக்கை விரித்து உட்காருவாள். அவள் மகன் ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மருமகள் வாயாடி. யாதம்மா அவளைவிட வாயாடி. மூன்று வருஷம் தினமும் காலையில் நான் அவள் பக்கத்தில் ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். முதலில் சைகையில் பேசினோம், அப்புறம் எனக்குத் தெலுங்கு வந்தது, அவளுக்குத் தமிழ் வந்தது. அப்புறம் இரண்டு மருமகள்களையும் எந்த மொழியில் வேண்டுமானாலும் திட்ட முடிந்தது. உன் பெண்டாட்டி இதைப் படித்தால் கோபப்பட வேண்டாம் என்று சொல், அவளைத் திட்டியது கொஞ்சம்தான்.

பொங்கலுக்கு மஞ்சள் கொத்து இல்லாமல் பானை வைப்பதா என்று நான் வந்த முதல் வருஷம் உங்கள் கூட்டம் முழுக்க ஒப்பாரி. இந்த ஊரில் சங்கராந்திக்குப் பட்டம் விடுவார்கள், பானைக்கு மஞ்சள் செடி கட்டும் வழக்கம் இல்லை. நான் யாதம்மாவிடம், கிழங்கோடும் இலையோடும் பச்சை மஞ்சள் செடி வேண்டும் என்று கையை விரித்து உயரம் காட்டினேன். பானை கழுத்தில் கட்டவா, அது என்ன வேடிக்கை என்று சிரித்தாள். ஆனால் மார்க்கெட்டுக்கு மஞ்சள் கொண்டுவருகிற யாரையோ பிடித்து, வேரில் மண்ணோடு எல்லா வீட்டுக்கும் கொண்டுவந்தாள். அடுத்த வருஷமும், அதற்கு அடுத்த வருஷமும். மைக்கில் நீ, மஞ்சள் கொத்துக்கு ஏற்பாடு செய்த செயலாளர் என்று உனக்கே கைதட்டல் வாங்கிக்கொண்டாய். அந்த மைக் செட் காலை ஆறு மணிக்கே நாதஸ்வரம் போட்டு ஊரை எழுப்பியது. பின்னால் இருக்கிறவர்கள் யாரும் கேட்டுக்கு வந்து நிற்கவில்லை, யாரும் போலீசுக்குப் போகவில்லை. யாதம்மா பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து கம்பிக்கு வெளியே நின்று கோலத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே வா என்று நான் கூப்பிட்டேன். வேறு யாரும் கூப்பிடவில்லை, அவளும் வரவில்லை.

போன கோடையில் அகிலுக்கு அம்மை போட்டது நினைவிருக்கும். இல்லாமலும் இருக்கலாம், ஏனென்றால் அந்த வாரம் உனக்கும் உன் பெண்டாட்டிக்கும் ஆபீசில் ரிலீஸ். "மருந்து குடுத்தாச்சும்மா, டாக்டர் பயமில்லன்னுட்டார், நீ பாத்துக்கோ" என்று லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். குறை சொல்லவில்லை, வேலை அப்படி. பிள்ளைக்குக் கண் இமையிலும் வாய்க்குள்ளும் கொப்புளம். தண்ணீர்கூட இறங்கவில்லை. என்னைப் பார்த்து 'அம்மா' என்று உன் பெண்டாட்டியைக் கூப்பிட்டது. யாதம்மாதான் வேப்பிலை கொண்டுவந்தாள். பின்படி ஏறி வந்து, செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, பிள்ளை தலைமாட்டில் நின்று அவர்கள் பாஷையில் போச்சம்மாவிடம் பேசினாள். கும்பிடவில்லை, பேசினாள், கடன்காரியிடம் பேசுகிற மாதிரி. இந்தப் பிள்ளை எழுந்து ஓடினால் உனக்கு இவன் பாட்டி போனம் எடுப்பாள் என்று என்னைக் கேட்காமலே என் பேரில் நேர்ந்துவிட்டாள். சோற்றையும் பாலையும் வெல்லத்தையும் பொங்கி, பானைக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, மேலே விளக்கு வைத்துத் தலையில் தூக்குவார்கள். அதுதான் போனம், அதை எடுக்கிற திருவிழாதான் போனாலு. நான் பொட்டு இல்லாதவள், தூக்கலாமா என்று கேட்டேன். "பிள்ள யாரோட பிள்ள அக்கா?" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உன்னிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் முதலில் சிரித்திருப்பாய், அப்புறம் அவளை எப்படி வீட்டுக்குள் விட்டாய் என்று கேட்டிருப்பாய்.

ஆனி மாதக் கடைசியில் உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு போனாலுப் பக்கம் திரும்பியது. பின்பக்க ஃப்ளாட்டுகளுக்கு மேளச் சத்தம் தாங்கவில்லையாம். குடித்துவிட்டு ஆடுகிறார்களாம். கார்மேல் கீறல் விழுகிறதாம். பிள்ளைகள் ஆடு வெட்டுவதைப் பார்த்துப் பயப்படுகிறார்களாம். அன்றைக்குத் தட்டில் இருந்ததே ஆட்டுக்கறி வறுவல்தான், நான்தான் வறுத்தேன். பில்டர் வாயால் சொன்னதுதானே, பேப்பரில் இல்லையே என்று ஒருவர் கண்டுபிடித்தார். அசோசியேஷன் செயலாளர் நீ. பின்கேட்டை நிரந்தரமாகப் பூட்டுவது, பாதுகாப்புக் காரணம் என்று எழுதி ஸ்டேஷனில் மனுக் கொடுப்பது என்று முடிவு செய்தீர்கள். பக்கத்து பிளாக்கில் இருக்கிற விஜயவாடாக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள் என்று பிறகு சொன்னாய். போட்டிருக்கட்டும். அவர்கள் அம்மா அவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொள்ளட்டும். நீ மனுவை வாசித்துக் காட்டியபோது நான் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பூட்டு மட்டும் அடுத்த நாளே தெரிந்தது. யாதம்மாவின் சாக்கு அன்றிலிருந்து கம்பிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அப்போதும் நான் உன்னிடம் ஒன்று சொன்னேன். திருவிழா அன்றைக்காவது திறந்து விடுப்பா என்றேன். "பாக்கலாம்மா" என்றாய்.

போனாலு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முன்கேட் வழியாக வெளியே வந்து, யாதம்மா வீட்டுக்குப் போனேன். பொய் சொல்லவில்லை, கோயிலுக்குத்தான் போனேன். யாதம்மாவின் மருமகள் எனக்கு முகம் முழுக்க மஞ்சள் பூசி, சிவப்புக்கரைப் பட்டுச்சேலை கட்டிவிட்டாள். உன் அப்பா போன பிறகு என் முகத்தில் நீ மஞ்சளைப் பார்த்ததில்லை. அதனால்தான் அந்த வரிசையில் நீ என்னைக் கண்டுபிடிக்கவில்லை. அதில் எனக்கு உன்மேல் வருத்தம் இல்லை. பெண்கள் ஒரு வரிசையாகப் பானைகளைத் தூக்கிக்கொண்டு பின்கேட்டுக்கு வந்தோம், முன்னால் தப்பு அடிக்கிறவர்கள். உள்ளே நீயும் உன் கூட்டாளிகளும் அரைக்கால் சட்டையில், கையில் செல்போனோடு நின்றீர்கள். சாவி வாட்ச்மேன் கையில் இருந்தது, அவன் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊர்ப் பெரியவர் ஒருவர் கம்பியருகே வந்து, வருஷா வருஷம் வழி இதுதான் சார் என்று தன்மையாகத்தான் சொன்னார். நீ அவருக்குக் கை அசைத்துவிட்டு, உன் ஆட்களின் பக்கம் திரும்பி, தமிழில், சத்தமாகச் சொன்னாய். இவர்களுக்கு எங்கே புரியப் போகிறது என்ற தைரியம். ஏழு வருஷமாக லிஃப்டில், கடையில், ஆட்டோவில் நீங்கள் எல்லோரும் செய்துவந்த பழக்கம் அது. "காட்டுமிராண்டிக் கூட்டம். இந்தத் தடவயும் திறந்தா வருஷா வருஷம் வந்து நிக்கும். ரோட்ல போய் ஆடட்டும். சுத்திப் போகச் சொல்லுங்கப்பா." பக்கத்தில் நின்றவர், "போனதும் ஃபினாயில் ஊத்திக் கழுவிவிடணும்" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நீயும்தான்.

தப்புச் சத்தம் நின்றுவிட்டது. "சுத்தித்தான் போறேன் முரளி" என்றேன். கத்தவில்லை. "அம்மா?" என்றாய். அடுத்த நிமிஷமே வாட்ச்மேனிடமிருந்து சாவியைப் பிடுங்கி, பெரிய கேட்டில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்தாய். ஓர் ஆள் குனிந்து வருகிற அளவு. "நீ உள்ள வாம்மா. நீ மட்டும் வா" என்றாய். நான் திரும்பி நடந்தேன், என் பின்னால் வரிசையும் திரும்பியது. கொஞ்ச தூரம் போன பிறகு அந்தச் சின்னக் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

ஏரிக்கு மெயின் ரோடு வழியாகப் போவது எவ்வளவு சுற்று என்று உனக்குத் தெரியாது, நீ காரில் போகிறவன். லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. என் பானை விளக்கு அணைந்தது, யாதம்மா தன் விளக்கிலிருந்து ஏற்றினாள், மறுபடி அணைந்தது, மறுபடி ஏற்றினாள். என் முழங்கால் அன்றைக்குப் போனதுதான், இன்னும் திரும்பவில்லை. போனம் எடுத்து வருகிறவள் காலில் வழியில் இருக்கிறவர்கள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம், அம்மன் குளிர வேண்டும் என்று. ரோட்டோரத்தில் வீடே இல்லை. பஞ்சர் ஒட்டுகிற ஒரு பாய், ட்யூபைத் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் எழுந்து, தான் குடிக்க வைத்திருந்த கேனைத் தூக்கி வந்து வரிசையில் வந்த எல்லோர் காலிலும் ஊற்றினார். கடைசியில் வந்த என் காலுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சியது, கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். உங்கள் ஆள் ஃபினாயில் ஊற்றுவதாகச் சொன்ன கால் அது.

திரும்பி வரும்போது யாதம்மா கேட்டாள், உன் மகன் என்ன சொன்னான் என்று. இங்கே கார் நிற்கிறது, ஜாக்கிரதையாகப் போங்கள் என்று சொன்னான் என்றேன். அப்புறம் தெலுங்கை விட்டுவிட்டு, என்னிடம் கேட்டுக் கேட்டுக் கற்ற தமிழில் பேசினாள். "சுத்திப் போ சொன்னான். அது தெரியும் அக்கா. முன்னாடி சொன்னது, அதுவும் தெரியும். மூணு வருஷம் உங்கிட்டதான உக்காந்தேன்." நான் தலையைத் தூக்கவில்லை. "இனி அவங்க வாசல்ல உக்கார மாட்டேன். உன் வாசல்னா உக்காருவேன்" என்றாள். "உன் வாசல் எங்க அக்கா?" முரளி, மகன் வீடு என் வீடு என்று அதுவரை நினைத்திருந்தேன், யாரும் கேட்டதில்லை. மறுநாள் துணிகளை எடுத்துக்கொண்டு கலா வீட்டுக்கு வந்துவிட்டேன். முழங்கால் வலி, கலா பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று நீ உன் கூட்டாளிகளிடம் சொன்னாயாம். அவர்கள் இப்போது விஷயத்தைத் தெரிந்துகொள்ளட்டும்.

ஊர் ஞாபகம் எழுதச் சொன்னாய், ஒன்று எழுதுகிறேன். திருமங்கலத்தில் நம் பக்கத்து வீட்டுக்குக் குண்டூரிலிருந்து பேங்க் ஆபீசர் ஒருவர் மாற்றலாகி வந்தாரே, அவர் பெண்டாட்டிக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. தெருவில் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்திருக்கிறேன். மாரியம்மனுக்கு நான் முளைப்பாரி தூக்கி வந்த வருஷம், நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அவள் வாசலில் நின்று, இது என்ன, ஏன் காலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று முழித்துக்கொண்டு பார்த்தாள். திடீரென்று உள்ளே ஓடினாள். குளிக்க வைத்திருந்த வாளியைத் தூக்கி வந்து மொத்தத்தையும் என் காலில் கொட்டினாள். முழங்கால் வரைக்கும் சேலை நனைந்துவிட்டது, உன் டவுசரும் நனைந்தது. நீ அழுதாய், அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்த் துடைத்து ஒரு லட்டுக் கொடுத்தாள். அவளும் ஊர் விட்டு ஊர் வந்தவள்தான். அவளுக்கும் நம் சாம்பார் பிடித்திருக்காது, நம் சத்தம் பிடித்திருக்காது. அவள் வீட்டு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை என்ன பேசினார்களோ எனக்குத் தெரியாது. வாசலில் என்ன செய்தாள் என்பது தெரியும்.

நான் கலா வீட்டுக்கு வந்த பிறகு நீ எத்தனையோ முறை போன் செய்தாய். ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சு. "நீ இருக்கேன்னு தெரியாதும்மா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா உனக்குத் தொறந்துவிட்டிருப்பேன்ல?" இதை மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டு சொல்கிறாய். நீ அன்று சொன்ன வார்த்தையைக்கூட நான் ஏதோ கூட்டத்தில் வாய் தவறியது என்று விட்டிருப்பேன். இதை விட முடியவில்லை. எனக்குத் திறப்பாய் என்று எனக்குத் தெரியாதா? பெற்றவளுக்குக் கதவு திறக்கிறவனுக்குப் படம் மாட்டுவார்களா? நீ திறந்து காட்டிய அந்தச் சின்னக் கதவைத்தான் போனில் ஒவ்வொரு தடவையும் மறுபடி திறந்து, நீ மட்டும் வா, நீ மட்டும் வா என்கிறாய். அன்று அந்தப் பானை உன் பிள்ளைக்காக நேர்ந்தது. அதை இப்போதுதான் தெரிந்துகொள்கிறாய். தெரிந்ததும், அய்யோ சொல்லியிருந்தால் அகிலுக்காகத் திறந்திருப்பேனே என்று மட்டும் போன் பண்ணாதே. அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் பின்னால் நின்ற பெண்கள் யார் யார் பிள்ளைக்கு எடுத்தார்கள் என்று உனக்குத் தெரியுமா?

அப்புறம் இன்னொன்று சொல்வாய். "அவங்களுக்குப் புரிஞ்சிருக்காதும்மா, நீ ஏன் பெரிசு பண்ற?" புரிந்தது. யாதம்மா வாயால் சொன்னது மேலே எழுதியிருக்கிறேன். உன் நண்பர்கள் எல்லோரும் அதை ஒரு முறை வாசிக்கட்டும். இத்தனை வருஷம் லிஃப்டிலும் கடையிலும் தமிழில் சிரித்தபோது எதிரே நின்றவர்கள் சும்மா இருந்தார்களே, அதில் எத்தனை பேருக்குப் புரிந்தது என்று உட்கார்ந்து நினைத்துப் பார்க்கட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பேச விஷயம் ஆயிற்று. பஜ்ஜி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நீ கேட்ட நம்பர். யாதம்மாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. நாங்கள் தினமும் பேசுகிறோம். உனக்குத் தர மாட்டேன். அவள் இப்போது உங்கள் கேட்டுப் பக்கம் வருவதில்லை, வேறு தெருவில் உட்காருகிறாள். ஆனால் வீடு அங்கேயேதான், கோயிலை ஒட்டி மூன்றாவது, நீலக் கதவு. பின்கேட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். மஞ்சள் கொத்து வேண்டுமென்றால் நேரில் போய்க் கேள். தருவாளா மாட்டாளா என்பது அவள் இஷ்டம், நான் சிபாரிசு செய்யவில்லை. தமிழிலேயே கேள், அவளுக்குப் புரியும். பூட்டைத் திறந்துகொண்டு போ. திறக்க மனமில்லையென்றால் சுற்றிப் போ.

பொங்கலுக்கு நான் அங்கே வரவில்லை. உன் பெண்டாட்டி பிள்ளைகளை இங்கே அனுப்பினால் சந்தோஷம். நித்யாவிடம் அந்தப் பரிசு வாங்கிய பேச்சைக் கேட்க வேண்டும், நீ கேட்டிருக்க மாட்டாய். வருகிற போனாலுக்கு அந்தப் பெரிய கேட்டின் இரண்டு கதவையும் சுவரோடு சாய்த்து வை. சின்னக் கதவைப் பற்றி எனக்கு அக்கறையில்லை. ஒரு குடம் தண்ணீரோடு நீ வாசலில் நில், அரைக்கால் சட்டை வேண்டாம், வேட்டி கட்டு. யாதம்மா பானையோடு வரும்போது அவள் காலில் ஊற்று. அப்போது யாரையாவது ஒரு படம் எடுக்கச் சொல். அவள் காலும் தெரிய வேண்டும், உன் முகமும் தெரிய வேண்டும். கம்ப்யூட்டரில் அனுப்பாதே, அதை ஆணியில் மாட்ட முடியாது. பெரிதாகக் கழுவி, தபாலில் அனுப்பு.

அம்மா